பத்தர்ஸ்ற் வீதியின் எட்டு நாள் சக்கரவர்த்தி

மார்ச் 25, 1996, திங்கள்

இந்தக் கொப்பியை எந்த நூற்றாண்டில் எவர் திறந்தாலும் முதலில் எழும்பி நிற்கவும். இன்று தொடக்கம் இதில் எழுதப்படப் போவது ஒருவரும் நம்பாத கதை. இது சத்தியம். குறை கதையில் இல்லை, எழுதுகிற ஆளில். பெயர் மரியரட்ணம். வயது ஐம்பத்திரண்டு. ஸ்காபரோவில் தங்கச்சி அன்ரனெற் வீட்டு பேஸ்மென்றின் ஏகபோக மன்னன். பத்தர்ஸ்ற் வீதியில் ஒரு யூதத் தொழுகைக்கூடத்தின் தலைமை நிர்வாகி. துடைப்பமும் வாளியும் என் அமைச்சரவை.

இன்று மக்டலீனின் கடிதம் வந்தது. என் மனைவி. ஆறு வருசமாகக் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருக்கிறாள். விசா கிடைத்துவிட்டதாம். மே முப்பத்தோராம் திகதிக்குள் கனடாவில் கால் வைக்காவிட்டால் அது செல்லாது. ஆனால் ரிக்கெற் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். ‘ஏப்ரல் பதினாலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுப்பன். ஒரு கேள்வி கேப்பன். பதிலைக் கேட்ட பிறகுதான் வாறதோ இல்லையோ எண்டு சொல்லுவன்.’

கேள்வி எனக்குத் தெரியும். குடியை விட்டுவிட்டீர்களா? ஒன்பது தரம் கேட்டிருக்கிறாள். ஒன்பது தரமும் விட்டிட்டன் என்றேன். ஒன்பது தரமும் அதைச் சொல்லும்போதே நாக்குத் தடக்கியது.

இந்தமுறை ஜனவரி ஆறாம் திகதியிலிருந்து ஒரு சொட்டு இல்லை. எழுபத்தொன்பது நாள். இன்னும் இருபது நாள் தாங்க வேண்டும். தாங்கினாலும், என்னை ஆர் நம்புவது?

மார்ச் 28, வியாழன்

பாண் தூளுக்கு எதிரான மகா யுத்தம். இன்று மட்டும் முப்பது லட்சம் தூள்களைக் கொன்றேன். ஒரு கதிரைக்கு அடியில் கிடந்த கேக் துண்டு என்னைவிட மூத்தது.

யூதர்களுக்குப் பாஸ்கா வருகிறது. கதை எனக்குப் புதிதல்ல, கோயிலில் எத்தனை தரம் கேட்டது. பாரவோனுக்கு அடிமையாய்க் கிடந்த சனம் இரவோடு இரவாக எகிப்தை விட்டு வெளிக்கிட்ட அவசரத்தில், பிசைந்த மா புளிக்க நேரமில்லை. புளிக்காத மாவோடு ஓடினார்கள். அதை நினைத்து எட்டு நாள் இவர்கள் வீட்டில் புளித்த தானியம் எதுவும் இருக்கக்கூடாது. பாண் கூடாது. பிஸ்கற் கூடாது. பியர் கூடாது. விஸ்கி கூடாது.

அப்படியானால் அந்த நல்ல நல்ல விஸ்கியையெல்லாம் ஊற்றிவிடுவீர்களா என்று தொழுகைக்கூடத்துக் குருவான றபாயிடம் கேட்டேன். குரலில் கொஞ்சம் துக்கம் இருந்திருக்கும். அவர் சிரித்தார். யூதர் அல்லாத ஒருவருக்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டு, பண்டிகை முடியத் திரும்ப வாங்குவார்களாம். விளையாட்டு விற்பனை இல்லை, சட்டப்படி விற்பனை. வழக்கமாக வாங்குகிற போர்த்துக்கேயப் பிளம்பர் அல்பேற்றாவுக்குப் போய்விட்டார்.

“மரியா, நீர் யூதர் இல்லைத்தானே?” என்று கேட்டார்.

நான் இன்னது இல்லை என்பதற்காக இந்த நாட்டில் எத்தனையோ வேலை கிடைக்காமல் போயிருக்கிறது. இல்லை என்பதற்காகவே ஒரு பதவி தேடி வந்தது இதுதான் முதல் தரம். உடனே ஓம் என்றேன்.

வேண்டாம் என்று சொல்லவும் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன்: புதன்கிழமை தொடக்கம் பத்தர்ஸ்ற் வீதியின் விஸ்கி எல்லாம் என்னுடையது.

அன்ரனெற்றின் மகள் ஜூலி கோப்பையை விட்டு நிமிரவில்லை. “மாமா, இண்டைக்கு ஏப்ரல் ஃபூல். நைஸ் ட்ரை.”

அன்ரனெற் சொன்னாள்: “போன கிழமை நயாகராவை நீந்திக் கடந்தனீங்கள். இந்தக் கிழமை யூதற்ற விஸ்கி. சரி அண்ணை, முதல்ல அந்தக் குப்பையைக் கொண்டுபோய் வெளியில வையுங்கோ.”

வைத்தேன். சக்கரவர்த்திகளும் குப்பை வைப்பதுண்டு.

ஏப்ரல் 3, புதன்

முடிசூட்டு விழா. காலை பத்தரை மணி, றபாயின் அலுவலகம். சாட்சிக்கு இரண்டு பெரியவர்கள். ஒரு கைலேஞ்சித் துணியை என்னிடம் நீட்டி, பிடித்து உயர்த்தச் சொன்னார் றபாய். உயர்த்தினேன். அவர்கள் முறைப்படி அதோடு உலகம் கை மாறியது. பிறகு முற்பணம் என்று ஒரு சிறு தொகை, அதையும் றபாயே கடனாகத் தந்தார். பிறகு பத்திரம், அதோடு நாலாயிரம் குடும்பங்களின் பெயர், விலாசம், எந்த அலுமாரி என்ற விபரம். அந்த அலுமாரிகளுக்குள் இருக்கும் எல்லாம் என்னுடையது. கையெழுத்துப் போட்டேன். மூன்று பேனை மை முடிந்தது.

கடைசியாக ஒரு பூட்டின் திறப்பு. கீழ்த்தளத்தில் ஒரு அறை. தொழுகைக்கூடத்துக்குச் சொந்தமான புளிப்பெல்லாம் அதற்குள். சனிக்கிழமைப் பூசை முடிய அவர்கள் குடிக்கிற விஸ்கி எண்பதாயிரம் போத்தலும் அங்கேதான்.

“நான் போய் எடுத்தால்?” என்று கேட்டேன்.

“எடுக்கலாம். உம்முடையதுதானே. எடுத்ததற்குக் காசைக் கட்டினால் சரி. ஒருவரும் மறிக்க முடியாது. மறித்தால் அது விற்பனையே இல்லை.”

இதை அவர் மிகவும் பெருமையோடு சொன்னார். திறப்பைச் சட்டைப்பையில் போட்டேன்.

எண்பத்தெட்டாவது நாள்.

ஏப்ரல் 4, பெரிய வியாழன்

கோயிலுக்கு வராமல் எங்கே போகிறீர்கள் என்று அன்ரனெற் கத்தினாள். ஆண்டவர் இராப்போசனம் உண்ட அதே பண்டிகைக்கு, அசல் ஆட்களின் வீட்டுக்கே போகிறேன் என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

உண்மையாகவே றபாய் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். மேசையைச் சுற்றி எழுநூறு பேர். ஒரு சின்னப் பெண் எழும்பி, இந்த இரவு மற்ற இரவுகளைப் போல ஏன் இல்லை என்று பாட்டாகக் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் முழுக் கதையும் சொல்கிறார்கள். கசப்புக் கீரை கடித்தோம். சுண்ணாம்புச் சுவர்போன்ற புளியாத அப்பம் கடித்தோம். எகிப்தின்மேல் விழுந்த பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு வைனை விரலால் தொட்டு வெளியே வைத்தார்கள். எகிப்தியர் செத்ததும் சாவுதான், அதனால் நம்முடைய சந்தோசம் அந்தளவுக்குக் குறைய வேண்டுமாம்.

ஆளுக்கு நாலு கிண்ணம் வைன். எனக்கு முந்திரிகைப் பழச்சாறு போதும் என்றேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வைத்தியர், அறுவைச் சிகிச்சை, அரைவாசி ஈரல் என்று நல்ல கதை ஒன்று ஆயத்தமாக வைத்திருந்தேன்.

எலியாஸ் தீர்க்கதரிசிக்கு என்று ஒரு கிண்ணம் நிரப்பி, வாசல் கதவைத் திறந்துவிட்டார்கள். ஒருவரும் வரவில்லை. கதவைச் சாத்தினார்கள். கிண்ணம் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. அந்த வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

ஒவ்வொருவனும் தானே எகிப்தை விட்டு வெளிக்கிட்டதாக நினைக்க வேண்டும் என்று வாசித்தார் றபாய். நான் யோசித்தேன். நானும் வெளிக்கிட்டவன்தான். ஒரு பொலித்தீன் பையோடு. பைக்குள் உடுக்க இரண்டு சாரமும் அரைப்போத்தலும். எகிப்தை விட்டு வந்தபோது எகிப்தையும் கையோடு கொண்டு வந்த ஆள்.

ஏப்ரல் 5, பெரிய வெள்ளி

உபவாசம். திறப்பு சட்டைப்பையில். சூடாக இருக்கிறது.

ஏப்ரல் 6, சனி

அந்த அறை வாசலை ஏழு தரம் துடைத்தேன். அந்தத் தரையில் இப்போது கப்பல் விடலாம்.

என்ன விசர் வேலை இது. களவெடுக்கப் பயம் இருந்தால் கையைக் கட்டலாம். பொலிசுக்குப் பயந்தால் கையைக் கட்டலாம். இது என்னுடையது. என்னுடையதை நான் ஏன் குடிக்கக்கூடாது? ஒரு மூடி மட்டும். ஆருக்குத் தெரியும்? அவள் எங்கே, கொழும்பிலே. மணம் ரெலிபோனிலே போகுமோ?

இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். பஸ்சில் இருக்க முடியவில்லை, வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன்.

ஏப்ரல் 7, உயிர்ப்பு ஞாயிறு

ஆட்டிறைச்சி. பேசவில்லை. ஜூலி கேட்டாள், “மாமா, ஆர் யூ ஓகே? இண்டைக்கு ஒரு பொய்யும் சொல்லேல்லை.”

ஏப்ரல் 8, திங்கள்

உரிமையாளர் என்ற முறையில் இன்று மத்தியானம் என் சொத்தைப் பார்வையிடச் சென்றேன். தரம் பார்ப்பதற்காக ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திருகினேன். காகிதக் கோப்பையில் கொஞ்சம் வார்த்தேன். அந்த நேரம் பார்த்து மொன்றியல் கள்ளக்கடத்தல்காரர் ஆறு பேர் உள்ளே பாய்ந்தார்கள். அடிபாடு. ஒருவனை வாளியால் அடித்தேன். ஒன்பது பேரும் ஓடிவிட்டார்கள். போத்தலுக்கு ஒரு சேதமும் இல்லை.

இப்படிப்பட்ட நிலைமையில் திறப்பை நான் வைத்திருப்பது தேசப் பாதுகாப்புக்கு நல்லதல்ல. ஆகவே வேலையை அரைவாசியில் விட்டு, கோட்டும் போடாமல் வீட்டுக்கு வந்து, அஜக்ஸில் பின்னேர வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அன்ரனெற்றின் கையில் திறப்பை வைத்தேன்.

“உது என்ன?”

“யூதற்ற விஸ்கி அறைத் திறப்பு. நான் கேட்டாலும் தராதை.”

“இன்னும் அந்தப் புளுகு முடியேல்லையோ, அண்ணை?”

“தராதை எண்டுறன். காலிலே விழுந்தாலும் தராதை.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் திறப்புக் கோர்வையில் அதையும் கோர்த்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 10, புதன்

நித்திரை வந்தது.

ஏப்ரல் 11, வியாழன்

பண்டிகை இன்று பொழுதுபட்டு வானத்தில் வெள்ளி தெரிய முடிந்தது. றபாய் எல்லாவற்றையும் என்னிடமிருந்து திரும்ப வாங்கினார். ஆட்சி கவிழ்ந்தது. சனம் எட்டு நாள் பாண் காணாத பசியோடு கீழ்த்தள வாசலில் நின்றது. றபாய் கையை நீட்டினார். “திறப்பு?”

திறப்பு அஜக்ஸில். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில். அன்ரனெற்றின் இடுப்பில்.

றபாய் காரை எடுத்தார். நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் இருவரும் கிழக்கே போனோம். கள்ளக்கடத்தல்காரரின் கதையைத் தொடங்கினேன். பிக்கரிங் வரும்போது எனக்கே களைத்துவிட்டது.

“நான் குடிகாரன்,” என்றேன். “திறப்பை வைத்திருக்கப் பயமாக இருந்தது. அதனால் தங்கச்சியிடம் கொடுத்தேன்.”

கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டார், “இதை ஏன் முன்பே சொல்லவில்லை? வேறு ஆளைப் பார்த்திருப்பேனே.”

“யூதனா இல்லையா என்று மட்டும்தானே கேட்டீர்கள்.”

அவர் சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. பிறகு, அடுத்த வருசம் இரண்டு கேள்வி கேட்கிறேன் என்றார்.

தொழிற்சாலை வாசலில் தாடியும் கறுப்புத் தொப்பியுமாக ஒரு மனிசன் நிற்கக் கண்டதும் அன்ரனெற் காதுப் பஞ்சைக் கழற்றினாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் இடுப்பிலிருந்த திறப்பைப் பார்த்தாள்.

“அண்ணை. அப்ப உது மெய்யே?”

“ஓம், பிள்ளை.”

“கடவுளே,” என்றாள். “அப்ப நயாகரா?”

“அது வேற.”

ஏப்ரல் 14, ஞாயிறு

காலை ஐந்து மணி தொடக்கம் ரெலிபோனைச் சுற்றி நடந்தேன். கம்பளம் தேய்ந்து தரை தெரிகிறது. எட்டரைக்கு மணி அடித்தது. அன்ரனெற்றும் ஜூலியும் பூசைக்குப் போயிருந்தார்கள்.

“குடிக்கிறியளோ?”

வேறு பேச்சில்லை. சுகம்கூடக் கேட்கவில்லை.

“இல்லை. தொண்ணூற்றொன்பது நாள்.”

“போனமுறையும் நாள் கணக்குச் சொன்னனீங்கள்.”

“இது வேற. கேளும்.” விற்பனை, கைலேஞ்சி, எண்பதாயிரம் போத்தல், கடத்தல்காரர் எல்லாம் சொன்னேன். காசு ஓடிக்கொண்டிருந்தது.

“அன்ரனெற்றைக் கேளும், அவள் சாட்சி,” என்றேன்.

“அவவை ஏன் கேக்கிறன்? நான் உங்களோட இருக்கத்தானே வரப்போறன். உங்கட வாயால சொல்லுங்கோ.”

“கடத்தல்காரர் ஒருத்தரும் வரேல்லை, மக்டலீன். நானே கோப்பையில வார்த்தனான். எனக்கு என்னிலை நம்பிக்கை இல்லை. அதுதான் திறப்பைக் கொண்டு ஓடினனான். கோட்டையும் விட்டிட்டு.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

“நிக்கிறன்,” என்றாள். “இருபத்தேழு வருசமா உங்கட கதை கேக்கிறன். ஒரு கதையிலையும் நீங்கள் ஓடினதில்லை. எல்லாத்திலையும் வெண்டனீங்கள்.”

“ஓம்.”

“அன்ரனெற்றை ரிக்கெற் போடச் சொல்லுங்கோ.”

மே 26, ஞாயிறு

மக்டலீன் வந்து மூன்று நாள். பகலில் தூங்கி, இரவில் என் பேஸ்மென்ற் இராச்சியத்தைக் கழுவுகிறாள். இன்று மத்தியானம் இந்தக் கொப்பி அவள் கையில் அகப்பட்டது. முழுக்க வாசித்துவிட்டுக் கேட்டாள், “ஆறு பேர் பாய்ஞ்சவை, ஒன்பது பேர் எப்பிடி ஓடினவை?”

“சண்டைக்குள்ள கூடிப்போச்சினம்.”

“எண்பதாயிரம் போத்தல்?”

“பதினாறு.”

“அந்த விருந்துக்கு எழுநூறு பேர்?”

“பதினொரு பேர். என்னோட சேர்த்து.”

கொப்பியை மூடித் தந்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். கோப்பையில் வார்த்தது என்ன ஆனது என்றும் கேட்பாள் என்று இருந்தேன், கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நான் வென்ற கதையை இனி அந்த மனிசி நம்பாது. ஆகையால் இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். ஏப்ரல் எட்டாம் திகதி எழுதியதில் ஒரு சின்னப் பகுதி உண்மை. போத்தலுக்கு ஒரு சேதமும் இல்லை. கோப்பையில் வார்த்ததைத் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றினேன். பாதி கையில் சிந்தியது, கையைக் காற்சட்டையில் துடைத்தேன். பிறகு மூடியைத் திருகினேன். அந்த அறையில் அப்போது வேறு ஒருவரும் இல்லை.