பிடிபட்ட வளைகோடு

நேற்றுப் பாலத்து இராணுவச் சென்றியில் சோதனையின்போது தவமலரின் கணக்குக் கொப்பியைப் புரட்டிய படைவீரன், அவள் வரைந்திருந்த வளைகோட்டை ஷெல் விழும் பாதை என்று சொல்லித் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டான். அது இருபடிச் சார்பின் வரைபு என்று விளங்கப்படுத்தக் காலையில் போன தகப்பன் மதியமாகியும் திரும்பவில்லை. தாய் அன்னப்பூரணி புறப்படுமுன் மகளுக்குச் சீட்டு எழுதினாள்.

"புள்ள, சோறும் மீன்கறியும் மூடி வெச்சிருக்கன். டியூசனால வந்ததும் சாப்பிடு. நான் அப்பாவைப் பாக்கப் போறன். ராத்திரி ஏசினத்த மனசில வெக்காத. நீ கணக்குத்தானே செஞ்ச."

வாசல் வேலிப் படலையடியில் ஜீப் ஒன்று வந்து நின்றது. எட்டிப் பார்த்தவள் சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"ஜீப்பில அப்பா இல்ல. உன்ட பேரைச் சொல்லிக் கேக்காங்க. சாப்பிட நிக்காத. பின்வளவால மாமி வீட்ட ஓடு. கொப்பி ஒண்டும் எடுக்காத."