தூங்கிப்போன வழிகாட்டி

அன்புள்ள மகளுக்கு,

ஆண்டவர் தயவில் நான் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்தேன், கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால் இதை எழுதிப் பக்கத்து வீட்டு நர்ஸிடம் கொடுக்கிறேன், படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

போன செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் யாத்திரை வந்த ஒரு கூட்டத்துக்கு அப்பா வழிகாட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகச் சொல்வதுதான், உனக்கே மனப்பாடம். சிலுவையில் சாவதற்கு முந்தின இரவு ஆண்டவர் இங்கேதான் மண்டியிட்டுக் கலங்கினார், இங்கே எழும்பிய கோயில் இரண்டு முறை அழிந்தது, இப்போது நிற்பது மூன்றாவது, ஒலிவ மரம் வெட்ட வெட்ட வேரிலிருந்து துளிர்க்கும், அதனால் இவற்றின் வயசை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பிறகு அவருக்குப் பிடித்த இடம், கூட விழித்திருக்கச் சொன்ன மூன்று சீடர்களும் தூங்கிப்போனது. "சாப்பாட்டுக்கு மட்டும் முதல் ஆளா வந்தாங்க" என்று அவர்களைத் திட்டாத நாளில்லை. அன்றைக்கும் திட்டிக்கொண்டே மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தவர் அப்படியே கண்ணை மூடிவிட்டார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்து வந்தவர்கள் அத்தனை பேரும் மண்டியிட்டுவிட்டார்களாம். தோட்டக்காரர்தான் உதடு நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்து ஓடிவந்து தூக்கியிருக்கிறார்.

இதயத்தில் வால்வு சுருங்கிவிட்டதாம். எத்தனை மாசமாக மூச்சு வாங்கியதோ, என்னிடமும் மறைத்துவிட்டார், நினைத்தால் கோபம் கோபமாக வருகிறது. வியாழன் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். பிழைத்துவிடுவார் என்றுதான் டாக்டர் சொன்னார், என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இவரோ கட்டிலில் படுத்தபடி சீடர்களுக்கு வக்காலத்து வாங்குகிறார். "பாவம், துக்கத்துல அசந்துட்டாங்க, நான்தான் புரியாம திட்டிட்டேன்" என்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது, ஆனாலும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

எட்டாம் மாசத்தில் நீ விமானம் ஏறக் கூடாது, டிக்கெட் தேடி அலையாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, கவலையில் மாப்பிள்ளையிடம் சிடுசிடுக்காதே. உன்னையும் வயிற்றில் இருப்பதையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

ஒன்று மட்டும் மறக்காதே. அவரை உள்ளே கொண்டுபோகும்போது உனக்கு அங்கே நடுராத்திரி. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பேன். போன் செய்வேன், எடுத்துக் காதில் வைத்துக்கொள், எதுவும் பேச வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சியை விழித்திரு என்று ஒரு தாய் கேட்கக் கூடாது. கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா