ஆட்சேபம் இல்லை

தடிக்காரன்கோணம்
3.6.1953

பாசமுள்ள அண்ணனுக்கு, செல்லத்தாய் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம், மரச்சீனிக் கிழங்கைத் தவிர. நேற்றும் காட்டுப்பன்னி இறங்கி அரை விளையைக் கிளறிவிட்டுப் போனது. உங்கள் மைத்துனர் துப்பாக்கி லைசென்சுக்கு மனு கொடுத்து நாலு மாதமாகிறது. "ஒன் அண்ணன் அந்த ஆபீசுலதான இருக்கான், பேப்பர அடைகாக்கானா?" என்று தினமும் என்னைத்தான் குத்துகிறார். கொஞ்சம் தள்ளிவிடுங்கள் அண்ணா. அண்ணிக்கு நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன்.

செல்லத்தாய்

நாகர்கோவில்
10.6.1953

அன்புத் தங்கச்சிக்கு,

துப்பாக்கி என்ன கத்தரிக்காயா மக்கா, வடசேரிச் சந்தையில் கேட்டதும் எடுத்துத் தர? ஆள் எப்படி என்று போலீஸ் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும். பிறகு வில்லேஜ் ஆபீசில் நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் பெயர் போட்டு எழுதிக் கொடுக்கலாம். அதெல்லாம் முடிந்துதான் என் மேசைக்கு வரும். வந்த அன்றே நானே எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்குகிறேன், இது உனக்கு என் வாக்கு. அதுவரை பொன்னுலிங்கத்தைப் பொறுக்கச் சொல். ஊறுகாயில் உப்பு கூடுதல் என்று அண்ணி சொல்லச் சொன்னாள்.

முத்துநாயகம்

தடிக்காரன்கோணம்
27.7.1953

அண்ணா,

இதை முட்டத்திலிருந்து மீன் கொண்டுவரும் தங்கபாய் அக்கா கையில் தருகிறேன். பதிலையும் அவளிடமே கொடுங்கள். தபாலில் வேண்டாம்.

போன மாதம் போலீஸ்காரர் வந்தார். மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டார். ஊரெல்லாம் கேட்டார், என்னைத் தவிர. தங்கமான மனுஷன் என்று எல்லாரும் சொன்னார்கள். இவருடைய அண்ணன் கிருஷ்ணமணியும் அதையேதான் சொன்னார். வரப்புத் தகராறில் போன வாரம் இவர் மண்வெட்டியை ஓங்கியது அந்த அண்ணன் மேல்தான். "லைசென்சு வரட்டும்ட்டி, வரப்ப நான் அளந்து காட்டுதேன்" என்கிறார். பன்னி கடைசியாக வந்து ஒரு மாதமாகிறது. இவர் பன்னியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

எனக்குப் பயமாயிருக்கிறது. பெயர் போட்டு ஆட்சேபம் எழுதிவிட்டு இதே வீட்டில் எப்படிச் சோறு பொங்குவேன்? நான் முன்பு கேட்டதை மறந்துவிடுங்கள். அந்தப் பேப்பரை அடியில் போட்டுவிடுங்கள் அண்ணா.

செல்லத்தாய்

நாகர்கோவில்
28.7.1953

செல்லத்தாய்,

உன் கடிதம் இன்று கிடைத்தது. பேப்பர் நேற்றே மேசைக்கு வந்துவிட்டது. உனக்குத் தந்த வாக்கு, நானே எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கினேன். மைத்துனர் மட்டிப்பழக் குலையோடு வந்து லைசென்சை வாங்கிக்கொண்டு நேராகத் துப்பாக்கிக் கடைக்குப் போனார். நான்தான் வழி சொன்னேன்.

இனி என் கையில் ஒன்றுமில்லை. நீ புகார் எழுதித் தந்தால் ரத்து செய்ய வழியுண்டு. உடனே எழுது, நான் கூட நிற்கிறேன். ஆபீசில் தணிக்கை நடப்பதால் லீவு இல்லை, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தங்கபாய் இனி வெள்ளிக்கிழமைதான் வருவாளாம். அதுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. தபால் வரும் நேரம் அவர் விளையில்தான் இருப்பார் என்று நம்பி அனுப்புகிறேன்.

அண்ணன்

தடிக்காரன்கோணம்
31.7.1953

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

இங்கே எல்லாரும் நலம். துப்பாக்கி வந்துவிட்டது. கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறது. நீங்கள் தபாலில் எழுதியதை அவரே எனக்குப் படித்துக் காட்டினார், இரண்டு தடவை. எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. எந்த ஆட்சேபமும் இல்லை. அவருடைய அண்ணன் வரப்பை விட்டுக்கொடுத்துவிட்டார். தங்கபாயிடம் இப்போது மீன் வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். இனிமேல் கடிதமும் வேண்டாம்.

இப்படிக்கு,
பொன்னுலிங்கம் மனைவி செல்லத்தாய்