எழுபத்தாறு வயதுக்காரரின் வலது கை

என்னைக் கடைசிவரை 'சாமீ' என்றே கூப்பிட்ட அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தோப்பில் இந்த முறை காய் பரவாயில்லை. வெள்ளை ஈ கொஞ்சம் அடங்கியிருக்கிறது. உங்கள் பேத்தி கவிதா பொள்ளாச்சியில் நன்றாக இருக்கிறாள், அவளுக்கு இது ஐந்தாவது மாதம். உங்களிடம் எதையாவது மறைக்கும்போது நான் இப்படித்தான் காயையும் மழையையும் பற்றிப் பேசிக்கொண்டே போவேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "செரி, விசயத்தச் சொல்லு" என்பீர்கள்.

விஷயம் இதுதான். கொல்லங்கோட்டில் உங்கள் தம்பிக்கு, என் சித்தப்பாவுக்கு, போன மாதம் பக்கவாதம் வந்துவிட்டது. உங்களுக்கு வந்த அதே எழுபத்தாறு வயதில், அதே வலது பக்கம். அவர் மகன் செந்தில் நேரத்தோடு கோயம்புத்தூர் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். தொடை வழியாகக் கம்பி விட்டு மூளையில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார், வீட்டுக்கும் வந்தாயிற்று.

வந்த மறுநாளே செந்தில் எனக்குப் போன் செய்தான். "அண்ணா, பெரியப்பாவ நீங்க பாத்துக்கிட்ட மாதிரியே நாங்களும் அப்பாவப் பாத்துக்கோணும். ஒருக்கா வந்து எப்படின்னு சொல்லிக் குடுங்க" என்றான். நல்ல மகன் என்று பெயர் வாங்கியவன் அல்லவா நான். இந்தப் பெருமாட்டிப் பக்கம் யாராவது வயதானவர் படுத்துவிட்டால், அவர் பிள்ளைகளுக்கு என்னைத்தானே உதாரணம் காட்டுகிறார்கள்.

உங்களுக்கும் அப்படித்தானே நேரத்தோடு எடுத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். வயது ஏற ஏற மூளை திரும்பக் கற்றுக்கொள்வது மெதுவாகும், இளவயதுக்காரருக்கு ஒரு மாதத்தில் வருவது இவருக்குப் பல மாதம் ஆகலாம், முழுக்க வராமலும் போகலாம், அதனால்தான் விடாமல் பழக்க வேண்டும், வயதைக் காரணம் காட்டிப் படுக்கப் போட்டுவிடாதீர்கள் என்றார். நான் பாதியைத்தான் கேட்டேன். மெதுவாகும், வராமலும் போகலாம் என்பதோடு என் காது மூடிக்கொண்டது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த வேலந்தாவளத்து ஆட்டோக்காரரை நினைவிருக்கிறதா? நாற்பத்தொரு வயது. அவர் மனைவி அவரைத் திட்டித் திட்டியே நடக்க வைத்தாள். அவர் விழுந்தால் தூக்கி நிறுத்தி மறுபடியும் திட்டுவாள். அவருக்கு வயசு இருக்கிறது, நடப்பார் என்று நான் உங்கள் தலைமாட்டில் நின்று பெரிய ஞானி மாதிரி சொன்னேன். அவர் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். வழியில் பார்த்தால் கையைத் தூக்கிக் காட்டுவார், நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்ததும் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து அந்த மலையாளப் பெண் ஷைனி வந்தாள், உடற்பயிற்சி சொல்லித்தர. உங்கள் இடது கையைத் துண்டால் மூடி மடியில் வைத்துவிட்டு, ஒரு தட்டில் இருக்கும் நிலக்கடலையை வலது கையால் இன்னொரு தட்டுக்கு மாற்றச் சொன்னாள். முதல் வாரம் ஒரு கடலைகூட நகரவில்லை. நீங்கள் விடவில்லை. அவள் போன பிறகும் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அப்புறம் சோற்றுக்கு வந்தாள். குழையப் பிசைந்து உருட்டி வைக்க வேண்டும், நீங்களே எடுத்துச் சாப்பிட வேண்டும், எவ்வளவு சிந்தினாலும் யாரும் ஊட்டிவிடக் கூடாது. இதுதான் அவள் போட்ட சட்டம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கவிதாவைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். கூடத்தில் இலை போட்டோம். நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாதா, வரிசையில் பெரியவர் முதல் வாய் எடுத்து வைக்காமல் யாரும் இலையில் கை வைக்க மாட்டார்கள். உங்களை உள்ளறையிலேயே இருக்கச் சொல்லியிருக்கலாம் என்று அன்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களோ வெள்ளைச் சட்டை போட்டு வந்து வரிசையின் தலையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

இடது கையை நீங்களே மடியில் வைத்துக்கொண்டீர்கள். வலது கையால் சோற்றை எடுத்தீர்கள். பாதி வழியில் நடுங்கிச் சட்டையில் விழுந்தது. மறுபடி எடுத்தீர்கள், மறுபடியும் விழுந்தது. பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சாம்பார் உங்கள் மார்பில் இறங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா இலையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து வந்து உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே வைத்தேன்.

"இரு சாமீ... கொஞ்ச நேரம்" என்றீர்கள். குழறலாகத்தான் வந்தது. ஆனால் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வேண்டாமுங்கப்பா. வயசான காலத்துல உங்களுக்கெதுக்குங்க இந்தச் சிரமம்" என்று சொல்லி, நானே பிசைந்து ஊட்டிவிட்டேன். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா நெகிழ்ந்துபோய், "அப்பனுக்கு ஊட்டி உடற பையன இந்தக் காலத்துல எங்கீங்க பாக்கறது, இந்த ஊட்டுல பொண்ணெடுக்க நாங்க குடுத்து வெச்சிருக்கோணும்" என்றார். சம்பந்தம் அங்கேயே முடிவாகிவிட்டது.

அப்பா, அது பாசம் என்று இத்தனை நாள் ஊர் சொன்னதை நானும் சொல்லிக்கொண்டேன். உங்கள் மேல் இரக்கப்பட்டு நான் எழுந்து வரவில்லை. பொள்ளாச்சிக்காரர்கள் முன்னால் உங்கள் சட்டையில் சாம்பார் வழிவது எனக்கு அவமானமாக இருந்தது. உங்களை நினைத்து வெட்கப்பட்டேன்.

மறுநாள் ஷைனியை வாசலிலேயே நிறுத்தினேன். இனி வர வேண்டாம், எழுபத்தாறு ஆயிற்று, கை வந்து இனி அவர் என்ன செய்யப்போகிறார் என்றேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உங்கள் கட்டில். நான் குரலைத் தாழ்த்தவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் கடலைத் தட்டைக் கேட்கவேயில்லை. மூன்று வேளையும் ஊட்டிவிட்டேன், துடைத்துவிட்டேன், படுக்கையில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டேன். பார்க்க வந்தவர்களெல்லாம் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பத்து மாதம் படுத்திருந்து, நெஞ்சில் சளி கட்டிப் போய்ச்சேர்ந்தீர்கள். நான் வாயைத் திறங்க என்றபோதெல்லாம் திறந்தீர்களே, ஒருமுறையாவது என் கையைத் தட்டிவிட்டிருக்கக் கூடாதா?

போன வியாழக்கிழமை கொல்லங்கோடு போனேன். சித்தப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். எதிரே ஷைனி. நடுவில் அதே கடலைத் தட்டு. அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டைச் சித்தப்பா பக்கம் நகர்த்தினாள். செந்திலுக்குத் தன் அப்பா படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா, நிறுத்திவிட்டு உங்களை மாதிரி வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா, நான் சொன்னால் சரி என்று என்னிடம் கேட்டான். சித்தப்பாவின் கண்ணும் என் மேல்தான் இருந்தது. அவருக்கு எல்லாம் கேட்கிறது, உங்களுக்குக் கேட்ட மாதிரியே.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

கேட் வரைக்கும் ஷைனி பின்னாலேயே வந்தாள். "சேட்டா, மனசுல வெச்சுக்காதீங்க, இது சொல்லாம இருக்க முடியல. உங்க அச்சனுக்குக் கை வந்துட்டிருந்துச்சு. கடைசி வாரம் மூணு வாய்க்கு ஒரு வாய் சிந்தாமப் போச்சு. நான் அன்னன்னைக்கு எழுதி வெச்சிருக்கேன்" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனாவது தடவையில் சிந்தாமல் போயிருக்கும் அப்பா? மூன்றாவதிலா? நான்காவதிலா? நான் இரண்டாவதிலேயே பிடித்துவிட்டேனே.

நாலு நாளாகச் செந்திலுக்குப் பதில் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவுக்கு இந்த வயதிலும் கை வரலாம் என்று நான் சொன்னால், உங்களுக்கும் வந்திருக்கலாம் என்று ஆகிவிடும். வயது காரணம் என்றால் நான் நல்ல மகன். வயது மட்டும் காரணமில்லை என்றால் நான் யார்? இந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான், சித்தப்பாவையும் படுக்கப் போடத் துணிந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது முறையும் அதே தப்பு, இந்த முறை தெரிந்தே செய்கிறேன்.

அதனால்தான் இதை உங்களுக்கு மட்டும் எழுதாமல் ஊரறிய எழுதுகிறேன். எழுதிவிட்டால் பின்வாங்க வழியில்லை. நாளை மதியம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொல்லங்கோடு போகிறேன். செந்திலிடம் தனியாகச் சொல்ல மாட்டேன். சித்தப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, அவர் காது கேட்க, நான் உங்களுக்குச் செய்ததைச் சொல்வேன். அவருக்கு முழுக்கச் சரியாகும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, டாக்டரும் கொடுக்கவில்லை. வராமலே போனாலும் போகட்டும், அதை அவர் கைதான் முடிவு செய்ய வேண்டும், பிள்ளைகளின் மானம் முடிவு செய்யக் கூடாது. அவர் சாப்பிட்டு முடிக்கச் சாயங்காலம் ஆனாலும் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன், யாரையும் குறுக்கே வர விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களிடம் வாய் திறந்து மன்னிப்புக் கேட்காமலே உங்களுக்குக் கொள்ளி வைத்த,
உங்கள் மூத்த மகன்,
சாமியப்பன்