முந்நூறு வயது நாற்காலி

மார்ச் 4
கண்காட்சிக்கு இன்னும் பதினெட்டு நாள். முதல் அறையின் நடுவில் நிற்கப்போகும் கைப்பிடி நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடுகிறது. வயது முந்நூறு என்கிறது அருங்காட்சியகப் பதிவேடு. கழற்றி ஒட்டச் சொன்னார் இயக்குநர்.

மார்ச் 6
கால் கழன்றது. உள்ளே வெள்ளைப் பசை, கடையில் டப்பாவில் விற்பது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஏது இது?
அதைவிட, காலில் உள்ள துளையின் அடியில் உளியால் மூன்று சிறு கொத்து. இந்த வேலைக்கு வருமுன் நாலு வருஷம் அண்ணனின் தச்சுப் பட்டறையில் இருந்தேன். பசை பிடிக்கட்டும் என்று துளைக்குத் துளை அவன் போடுவது அது.
காலைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.

மார்ச் 7
வேலை ஓடவில்லை.

மார்ச் 9
பட்டறைக்குப் போய், அந்தக் கொத்துகளை எடுத்த படத்தை அண்ணனிடம் காட்டினேன். இழைப்புளியை அவன் கீழே வைக்கவே இல்லை.
"நான்தான் செஞ்சேன். பழைய மாதிரி ஒண்ணு வேணும்னு வியாபாரி கேட்டான். பழசுன்னே விப்பான்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"
"அதை வந்து சொல்லுண்ணா."
"சொன்னா எவன் வேலை குடுப்பான்? ஒட்டிட்டு வாயை மூடிட்டு இரு."
அண்ணி வாசல் வரை வந்தார். "அவர் பேரைக் கெடுத்துடாதம்மா."

மார்ச் 11
ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே — சொல்லவும் வாய் வரல, சொல்லாம இருக்கவும் முடியல. என்ன பண்றது நான்?

மார்ச் 12
சொல்லிவிட்டேன். இயக்குநர் அந்தக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் செஞ்சதுன்னு தெரியுமா?"
தெரியும் என்றேன். யார் என்பதையும் சொன்னேன்.
அண்ணனுக்குப் போன் செய்தேன். "இனிமே இந்தப் பக்கம் வராத." வைத்துவிட்டான்.

மார்ச் 22
கண்காட்சி திறந்தாயிற்று. முதல் அறையின் நடுவில் நாற்காலிக்குப் பதில் ஒரு பெட்டகம். வியாபாரி மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியைக் கீழே நவீனக் கூடத்தில் அண்ணன் பேரோடு வைப்பதாக முடிவு. "வேலை சுத்தமான வேலைதானே" என்றார் இயக்குநர். சம்மதம் கேட்டு அண்ணனுக்குக் கடிதம் போயிருக்கிறது.

ஏப்ரல் 10
கடிதத்தில் கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறான். எனக்கு ஒரு வரி இல்லை.

மே 3
மதியம் காவலர் வந்தார். "மேடம், கீழ ஒருத்தர் அரை மணி நேரமா அந்த நாற்காலிகிட்டயே நிக்கிறார். அட்டையில வருஷம் தப்புங்கிறார். உங்களைத்தான் கேக்குறார்."
வருஷத்தை உத்தேசமாகப் போட்டவள் நான்தான். படியிறங்கிப் போனேன்.
அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி போட்டுக்க," என்றான், நாற்காலியைப் பார்த்தபடியே. "பின்கால் இப்ப ஆடலையே?"
ஆடவில்லை என்றேன்.