பூட்டியிருந்த பெண்கள் அறை

நேற்று கண் ஆஸ்பத்திரியில் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். பினாயில் வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். என்னவென்று கேட்ட பேத்தியிடம் தலை சுற்றுகிறது என்றேன். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உன்னிடமே சொல்லாததை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. செஞ்சிக் கடைத்தெருவில் உன் வீட்டுக்காரரின் பாத்திரக் கடையும் எங்கள் மளிகைக் கடையும் அடுத்தடுத்து இருந்தன. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு கிளம்பிய உனக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். நம் ஊருக்கு ரயில் ஏது? பஸ்ஸில் போய், வயல்களுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. பிளாட்பாரத்துக்குக் கூரை கிடையாது. டிக்கெட் ஜன்னலருகே இருந்த தாழ்வாரம் முழுக்க ஆண்களும் மணிலாக்கொட்டை மூட்டைகளும்.

வழியில் கழிப்பிடம் இருக்காது என்று காலையிலிருந்தே நீ ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. அப்படியும் உன்னால் தாங்க முடியவில்லை. பெண்கள் தங்கும் அறை ஒன்று இருந்தது. உள்ளே கக்கூஸும் இருந்தது. கதவில் பூட்டு.

"சாவி கேட்டுட்டு வாடி. முடியல" என்றாய்.

போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் நாலைந்து ஆண்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்குச் சாவி என்று கேட்டால் என்ன சொல்வது? எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். பிறகு திரும்பி வந்து, "சாவி இல்லையாம்" என்றேன்.

பிளாட்பாரம் முடிகிற இடத்தில் சரிவில் இறங்கி, முட்புதருக்குப் பின்னால் ஒதுங்கினோம். ஏறி வரும்போது களிமண் வழுக்கி, என் பிடியிலிருந்து உன் கை நழுவியது. கல்லின்மேல் குப்புற விழுந்தாய்.

மூன்றாம் நாள் குழந்தை இறந்தே பிறந்தது. பெண். அதன்பின் உனக்குப் பிள்ளை இல்லை.

ஒரு வருஷம் யாரோடும் பேசாமல் கிடந்தாய். பிறகு ரயில்வேக்கு மனு எழுத ஆரம்பித்தாய். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் வெளியூர்ப் பெண்களை மடக்கி மடக்கிக் கையெழுத்து வாங்கினாய். "இன்னா பெருசா கேக்கறோம்? ஒரு பூட்டத் தொறந்து வைக்கச் சொல்றோம்" என்பாய். என்னைக் காட்டி, இவள் மழையில் போய்க் கேட்டும் சாவி தரவில்லை என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்வாய். கைநாட்டுக்கான மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நிற்பேன். கூச்சம் என்று நினைத்திருப்பார்கள்.

நாலு வருஷத்தில் கூரை வந்தது, குடிநீர்க் குழாய் வந்தது. பெண்கள் அறையை நாள் முழுக்கத் திறந்துவைக்க உத்தரவும் வந்தது. முதல் நாள் நாம் இருவரும் போனோம். நீ குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாய். அறையைப் பினாயில் விட்டுக் கழுவி முடித்திருந்த வயசான போர்ட்டர் என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார்:

"முன்னயும் சாவி ஆணியிலதாம்மா தொங்கும். கேட்டா தொறந்து உட்டுருப்போம். பொம்பளைங்க யாரும் வந்து கேக்க மாட்டாங்க."

அதற்குள் நீ வந்துவிட்டாய். என் முதுகில் கைவைத்துத் தள்ளினாய்.

"நீதான்டி மொதல்ல போவணும். எனக்காகப் போயி கேட்டவ நீ."

உள்ளே போனேன். பெஞ்சில் உட்காரவும் செய்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்கு ஒரு புடவை எடுத்தாய். என் மகள் பிறந்தபோது, உன் மகளுக்கென்று வைத்திருந்த பெயரை அவளுக்கு வைத்தாய். உன் கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வந்தேன். நீ கண்ணைத் திறந்து, "உன்னாட்டம் எனக்கு யாரு இருந்தா" என்றாய். நீ தூங்கும்வரை உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சேராத அந்த நன்றியை வாங்கி வைத்திருக்கிறேன். திருப்பித் தர நீ இல்லை. தினமும் பலமுறை என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.