இடது கீழ் இறக்கை

மார்ச் 3
புது முதலாளி பல் டாக்டர். இந்த இரட்டை இறக்கை விமானத்துக்கு மூன்றாவது சொந்தக்காரர். முதலில் வயலுக்கு மருந்து அடித்தவர், அப்புறம் விளம்பரத் துணியை வாலில் கட்டி இழுத்தவர், இப்போது இவர். ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் என்னையும் சேர்த்தே கைமாற்றுகிறார்கள். கொசுறு!

வந்ததும் வராததுமாகக் கேட்கிறார்: "இந்த மருந்து நாத்தம் எப்ப போகும்?" பத்தொன்பது வருஷமாகப் போகாதது இவருக்காகப் போய்விடுமா?

மார்ச் 6
இறக்கைத் துணி முழுவதையும் உரித்துப் புதிதாகப் போடணுமாம். மகளை முன் சீட்டில் உட்கார வைத்துப் பறக்கப் போகிறாராம். இடது கீழ் இறக்கை நன்றாகத்தானே இருக்கிறது, விட்டுவிடலாம் என்றேன். "அது மட்டும் பழசா இருந்தா பொக்கை வாய் மாதிரி இருக்குமே" என்கிறார்.

மார்ச் 7
தலைவலி. வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 10
உரித்தாயிற்று. இடது கீழ் இறக்கைக்குள் ஓடும் நீளக் கட்டையில் ஒட்டுப் போட்ட இடம் பல்லை இளித்தது. டாக்டர் லாக் புக்கைப் புரட்டினார். சின்ன ரிப்பேர் என்றாலும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.
"இதப் பத்தி ஒரு வரி இல்லையே! எந்த மடையன் பண்ணினது?"

நான் கீழே கிடந்த பழைய துணியைச் சுருட்ட ஆரம்பித்தேன். அந்த மடையன் நான்தான். வயலுக்கு மருந்து அடித்தவர் வரப்பில் இடித்து இறக்கையை உடைத்தபோது, "ரெண்டு வாரம் தாங்கினா போதும்ப்பா. எழுதாத, எழுதினா பறக்க விடாம நிறுத்திடுவாங்க" என்றார். நானும் மண்டையை ஆட்டினேன். கட்டையை மாற்றாமலே விற்றுவிட்டார். அடுத்த முதலாளியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் தாங்கிற்றே என்று உள்ளுக்குள் பெருமை வேறு! சீ.

மார்ச் 11
புதுத் துணி போட்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? காலையிலிருந்து இதே நினைப்பு. விமானத்தைச் சோதிக்கும் ஆய்வாளர் வெள்ளிக்கிழமை வருகிறார்.

மார்ச் 12
ஒட்டுப் போட்ட துண்டை விரலால் நெம்பிப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. பசை மாவாய் உதிர்ந்து கிடக்கிறது.

மார்ச் 13
எழுதிவிட்டேன். அன்றைக்குச் செய்த வேலை, இன்றைய தேதி, என் கையெழுத்து. டாக்டர் படித்துவிட்டு லாக் புக்கை ஆய்வாளருக்கென்று மேசையில் எடுத்து வைத்தார். திட்டித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 20
என் லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குப் போச்சு. கட்டையை வேறு ஆள் மாற்றுகிறான்.

விளம்பரத் துணிக்காரருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதுல என் பொண்ண எத்தன தடவ ஏத்தியிருக்கேன்னு தெரியுமாய்யா உனக்கு?"

தெரியும். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு பெல்ட் மாட்டிவிட்டது நான்தான்.